ஆபரேஷன் தியேட்டருக்குள் பொம்மையும் வரட்டும்

ஏற்காட்டிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: “என் மகளுக்கு நாலரை வயது. அடுத்த வாரம் சேலத்தில் ஹெர்னியா ஆபரேஷன். ரத்தம் எடுத்த அன்றைக்கே மூன்று பேர் பிடிக்க வேண்டியிருந்தது. பார்க்குக்குப் போகிறோம் என்று சொல்லிக் கூட்டிப்போய்விடலாம் என்கிறார் என் மாமியார். போனில் கார்ட்டூன் போட்டுக் கொடுத்தால் போதும் என்கிறார் வீட்டுக்காரர். நான் என்ன செய்யட்டும்?”

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி சரி. மாமியார் சொல்வதை மட்டும் தயவுசெய்து செய்ய வேண்டாம். 22 வருடமாகச் சேலத்தில் மயக்க மருந்து டாக்டராக இருக்கிறேன். பொய் சொல்லிக் கூட்டி வந்த குழந்தைகளை நிறையப் பார்த்துவிட்டேன். அதில் ஒரு பையனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பையனுக்கு ஐந்து வயது, டான்சில் ஆபரேஷன். குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்கு மான் பார்க்கப் போகிறோம் என்று சொல்லி அவன் மாமா தூக்கி வந்திருந்தார். தியேட்டருக்குள் படுக்க வைத்த பிறகும் “மான் எங்க, மான் எங்க” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். மயக்க மருந்து வரும் மாஸ்க்கைக் கிட்டே கொண்டுபோனதும் அவனுக்குப் புரிந்துவிட்டது. நாலு பேர் கையையும் காலையும் பிடித்துக்கொள்ள, நான் மாஸ்க்கை அழுத்திப் பிடித்தேன். ஒரு நிமிடத்தில் தூங்கிவிட்டான். ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் காட்ட வந்தபோது அவன் அப்பா மெதுவாகச் சொன்னார்: “குளிக்க வெச்சுத் தல தொவட்டத் துண்டப் போட்டாலே அலர்றானுங்க டாக்டர்.” அவர் என்னைக் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் பல நாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

அவன் ஒருவனுக்கு மட்டும் நடந்தது இல்லை இது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் ஸீவ் கெய்ன் என்ற மயக்கவியல் மருத்துவரின் குழு 1996-ல் வெளியிட்ட ஆய்வில், ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் ஆன பிறகும் 54 சதவீதக் குழந்தைகளிடம் ஏதாவது ஒரு மாற்றம் தெரிந்தது. ராத்திரியில் அலறி எழுவது, படுக்கையில் சிறுநீர் போவது, அம்மாவை விட்டு நகராமல் ஒட்டிக்கொள்வது, சாப்பிட அடம் பிடிப்பது இந்த மாதிரி. ஆறு மாதம் ஆகியும் 20 சதவீதம் பேரிடம் அது போகவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் அதிகம் பயந்த குழந்தைகளுக்குப் பிறகு வலியும் கூடுதலாகத் தெரிகிறது என்று அதே குழு பின்னால் காட்டியது. அதனால்தான் பயத்தைக் குறைப்பதையும் வைத்தியத்தில் ஒரு பகுதியாக நான் பார்க்கிறேன்.

இப்போது போன் விஷயம். குழந்தையின் மனசு ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிற்காது. விளையாட்டில் ஆழ்ந்து போன பிள்ளையை நாம் நாலு தரம் கூப்பிட்டாலும் காதில் விழாது அல்லவா, அதைத்தான் இங்கே பயன்படுத்துகிறோம். 2006-ல் நியூஜெர்சியில் 4 முதல் 12 வயதுள்ள 112 குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். எல்லாருடனும் பெற்றோர் இருந்தார்கள். ஒரு குழுவுக்கு அதோடு பயத்தைத் தணிக்கும் மருந்து. இன்னொரு குழுவுக்குக் கையில் பிடித்து ஆடும் வீடியோ கேம். கேம் ஆடிய குழந்தைகளில் 63 சதவீதம் பேருக்கு மாஸ்க் வைக்கும் நேரத்தில்கூடப் பயம் ஏறவில்லை, சிலருக்குக் குறைந்தே இருந்தது. மருந்து குடித்தவர்களைவிட இது மேல். பெற்றோர் கூட இருந்தது மட்டும் தனியாகப் பெரிய வித்தியாசம் செய்யவில்லை.

கேமில் கை வேலை செய்கிறது. அடுத்தது என்ன செய்வது என்று குழந்தை யோசிக்கிறது. கார்ட்டூனும் உதவும், ஆனால் அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிற குழந்தையின் கண் பச்சைக் கவுன் போட்டவர் வந்ததும் திரையை விட்டு விலகிவிடும். அதனால் தொட்டால் பலூன் உடைகிற மாதிரி எளிய கேம் ஒன்றைப் போனில் ஏற்றி வையுங்கள். தியேட்டர் பக்கம் சிக்னல் கிடைக்காது, நெட் இல்லாமல் ஓடுகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். அதுவரை அவள் பார்க்காத புதுக் கேமாக இருந்தால் நல்லது. அழ ஆரம்பித்த பிறகு நீட்டினால் எந்தப் போனும் எடுபடாது. காத்திருக்கும் அறையில், அவள் நன்றாக இருக்கும்போதே கையில் கொடுங்கள். பாதியில் பிடுங்கவே கூடாது. கண் மூடும் வரை அது அவள் கையில் இருக்கலாமா என்று முன்கூட்டியே மயக்க மருந்து டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் விடுவேன். இப்போது நிறையப் பேர் விடுகிறார்கள்.

ஆனால் போன் மட்டும் போதாது. என்ன நடக்கப்போகிறது என்று தெரியாத குழந்தை எவ்வளவு நல்ல கேம் கையில் இருந்தாலும் ஓரக்கண்ணால் கதவைப் பார்த்துக்கொண்டே இருக்கும். உண்மையைச் சொல்லிவிட்டால்தான் விளையாட்டில் மனசு போகும்.

எப்போது சொல்வது என்பது வயதைப் பொறுத்தது. ஆறு வயதுக்கு மேல் என்றால் ஐந்தாறு நாள் முன்னாலேயே சொல்லலாம். யோசிக்க, கேள்வி கேட்க அவர்களுக்கு நேரம் வேண்டும். முதல்நாள் ராத்திரி சொன்னால்தான் அவர்களுக்குப் பயம் கூடுகிறது. மூன்று வயதுக்குக் கீழே விளக்கம் சொல்லிப் பயனில்லை, அம்மா வாசனையும் பழைய சேலைத் துணியும்தான் அங்கே மருந்து. உங்கள் மகளுக்கு இரண்டு நாள் முன்னால் ஆரம்பித்தால் போதும். இப்படிச் சொல்லலாம்: “சாமி, உன் தொடைக்குப் பக்கத்துல ஒரு வீக்கம் வருதுல்ல, அத டாக்டர் சரி பண்ணப் போறாங்க. அப்போ நீ மருந்துத் தூக்கம் தூங்குவ. அந்தத் தூக்கத்துல ஒண்ணும் தெரியாது. டாக்டர் மருந்த நிறுத்துனதும் முழிப்பு வந்துரும். முழிச்சதும் அம்மாகிட்ட வந்துருவ.” வெறுமனே ‘தூங்க வைப்பார்கள்’ என்று சொல்லாமல் மருந்துத் தூக்கம் என்று பெயர் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டில் ராத்திரித் தூங்கவே பயப்படும் சில பிள்ளைகள், தூங்கினால் யாராவது வந்து வெட்டிவிடுவார்கள் என்று. வெட்டுவது, கத்தி இந்த மாதிரி வார்த்தைகள் வேண்டவே வேண்டாம். ‘வலிக்கவே வலிக்காது’ என்றும் சொல்ல வேண்டாம். எழுந்த பிறகு கொஞ்சம் வலிக்கும், சொன்னால் மருந்து தருவார்கள் என்று சொல்லுங்கள்.

இந்த வயதில் இன்னொன்று உண்டு. நான் ஏதோ தப்பு செய்ததற்குத்தான் இது தண்டனை என்று நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். அதில் நமக்கும் பங்கு இருக்கிறது. “சாப்பிடலேன்னா டாக்டர்கிட்டச் சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்” என்று சொல்லாத வீடு நம் பக்கத்தில் எத்தனை? மூன்று வருடம் அதைச் சொல்லி வளர்த்துவிட்டு, ஒருநாள் காலையில் டாக்டர் மாமா ரொம்ப நல்லவர் என்றால் பிள்ளை எப்படி நம்பும்? “நீ எந்தத் தப்பும் பண்ணல, இது யாரும் குடுக்குற தண்டன இல்ல” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஊசியைக் காட்டிப் பயமுறுத்துவதை இன்றோடு நிறுத்தச் சொல்லி வீட்டில் எல்லாரிடமும் சொல்லுங்கள்.

சொன்ன பிறகு அதை விளையாடிக் காட்ட வேண்டும். இதற்குக் காசு செலவில்லை. டீக்கடைப் பேப்பர் கப் ஒன்றை எடுத்து அடிப்பகுதியை வெட்டிவிடுங்கள். மாஸ்க் தயார். அதில் அவளையே பூ, சிரிக்கிற வாய், என்ன வேண்டுமோ வரையச் சொல்லுங்கள். முதலில் பொம்மைக்கு மருந்துத் தூக்கம். டாக்டர் அவள்தான், நீங்கள் பொம்மையின் அம்மா. “பொம்மைக்குப் பயமா இருக்காம், என்ன பண்ணலாம் டாக்டர்?” என்று கேளுங்கள். அவள் சொல்லும் பதிலில் அவளுடைய பயம் என்ன என்பது வந்து விழும். ஒரு பெண் குழந்தை பொம்மையிடம், “அழாத, உங்கம்மா வெளிய ஓடிப்போகல, பெஞ்சுலதான் உக்காந்திருக்கா” என்று சொன்னதாக அதன் அம்மா வந்து என்னிடம் சொன்னார். அந்தக் குழந்தையின் கவலை ஊசியே இல்லை. அடுத்து உங்களுக்கு மாஸ்க், அதற்கடுத்து அவளுக்கு. ஊதச் சொல்லுங்கள், மூக்கால் இழுக்கச் சொல்லுங்கள். வீட்டில் நெபுலைசர் இருந்தால் அந்த மாஸ்க்கும் ஆகும். மயக்க மருந்துக்கான பரிசோதனைக்குப் போகும்போது, பழக்குவதற்கு ஒரு மாஸ்க் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு நாள் இப்படி விளையாடிய குழந்தைக்குத் தியேட்டரில் நான் நீட்டும் மாஸ்க் புதுப் பொருள் இல்லை. உள்பக்கம் ஆரஞ்சு எசென்ஸ் ஒரு சொட்டுத் தடவி, “என்ன வாசனைன்னு கண்டுபிடி” என்றால் பிள்ளை தானாகவே மூக்கைக் கொண்டுவரும்.

கொலுசைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சேலத்துப் பிள்ளைகள் காலில் கொலுசு இல்லாமல் வருவதே இல்லை. ரத்தக்கசிவை நிறுத்தக் கரண்ட் கருவி பயன்படுத்தும்போது உலோகம் உடம்பில் இருந்தால் சூடு பட்டுவிடலாம் என்பதால் கழற்றியாக வேண்டும். தியேட்டர் வாசலில் வைத்து, இறுகிப்போன திருகைச் சிஸ்டர் இழுக்க, குழந்தை கதற, அதுவரை நன்றாகச் சிரித்துக்கொண்டு வந்த பிள்ளை அங்கே உடைந்துபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஊசிக்குக்கூட அப்படி அழுவதில்லை. முதல்நாள் சாயங்காலம் வீட்டிலேயே எண்ணெய் தடவிக் கழற்றி, “நீ வர்ற வரைக்கும் இத பொம்ம போட்டுக்கட்டும்” என்று பொம்மைக்கு மாட்டிவிடுங்கள். வளையல், தோடு, அரைஞாண் எல்லாம் அப்போதே. நகப்பாலிஷையும் அழித்துவிடுங்கள், விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவிக்கு நகம் தெளிவாக இருக்க வேண்டும். தாயத்து விஷயத்தில் பாட்டிக்கு மனசு கேட்காது என்றால் பொம்மையின் கழுத்தில் கட்டிப் பக்கத்திலேயே வைக்கலாம். இதற்கு நான் ஒருநாளும் மறுப்புச் சொன்னதில்லை.

பிறகு பசி. தியேட்டர் வாசலில் அழும் குழந்தைகளில் பாதிப் பேர் பயத்தால் அழவில்லை, பசியாலும் தாகத்தாலும் அழுகிறார்கள். எந்த விளையாட்டும் அங்கே எடுபடாது. பொதுவான கணக்கு: இட்லி, சோறு, பசும்பால், பால் கலந்த காபி எல்லாம் ஆறு மணி நேரம் முன்னால் நிறுத்த வேண்டும், எண்ணெய்ப் பலகாரம் என்றால் எட்டு. தாய்ப்பால் நாலு. வெறும் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்னால் வரை. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று பழைய வழக்கப்படி யாராவது சொன்னால், இரண்டு மணி நேரம் முன்னால் வரை தண்ணீர் கொடுக்கலாமா என்று உங்கள் மயக்க மருந்து டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். அவர் சொல்லும் நேரம்தான் உங்களுக்கு இறுதி. உங்களுக்குத் தெரியாமல் பாட்டி ஒரு பிஸ்கட் ஊட்டிவிட்டால் ஆபரேஷன் தள்ளிப்போகும்; மறைத்தால் அது ஆபத்து. சளி, காய்ச்சல் வந்தாலும் மறைக்காதீர்கள்.

நீங்கள் ஏற்காட்டிலிருந்து வருகிறீர்கள். விடியற்காலையில் வெறும் வயிற்றோடு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கினால் பாதிப் பிள்ளைகள் அடிவாரம் சேர்வதற்குள் குமட்டி வாந்தி எடுத்துவிடும். முடிந்தால் முதல்நாளே இறங்கி, அஸ்தம்பட்டிப் பக்கமோ கோரிமேட்டிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள். முதல் கேஸாகப் போடச் சொல்லிக் கேளுங்கள், சின்னப் பிள்ளைகளை முன்னால் எடுப்பதுதான் வழக்கம்.

அந்த வளைவுகளே உங்களுக்கு ஒரு நல்ல விளையாட்டு. மலையிலிருந்து வரும் பிள்ளைகளோடு நான் ஆடுவது அதுதான். படுக்கையில் உட்கார்ந்தபடியே நான் கண்டக்டர், பிள்ளைதான் டிரைவர். ஹாரன் அடிக்கச் சொல்வேன், அது வாயால் அடிக்கும். மயக்க மருந்து மெஷினில் ஒரு ரப்பர் பை தொங்கும், மூச்சு விடும்போதெல்லாம் அது உப்பிச் சுருங்கும். “அதுதான் பஸ் டயரு, காத்து கம்மியா இருக்கு, ஊது” என்பேன். ஊதும். “இருபதாவது வளைவு, பாத்து ஓட்டு. பத்தொம்பது. எதுக்கால லாரி வருது, ஒதுங்கு. பதினெட்டு, காபித் தோட்டம்.” போர்டில் எழுதியிருக்கும் நம்பரைப் பேருந்தில் எண்ணிப் பழகிய பிள்ளைகள் நமக்கு முன்னால் சொல்லும். பன்னிரண்டைத் தாண்டிய பிள்ளையை நான் பார்த்தது குறைவு. போன மாதம் ஒரு ஆறு வயதுப் பையன், பதினாலாவது வளைவில் “பஸ்ஸு நிறுத்து, கொரங்கு” என்று சொல்லிக்கொண்டே கண்ணை மூடினான். நீங்கள் கூட வர அனுமதி கிடைத்தால், இதை நீங்களே ஆடலாம். அவளுக்குத் தெரிந்த மரம், கடை, கோயில் எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்.

கூட வருவதைப் பற்றியும் நேராகவே சொல்கிறேன். அம்மா பக்கத்தில் இருந்தாலே குழந்தை அமைதியாகிவிடும் என்று நாம் நம்புகிறோம். இது பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2015 காக்ரேன் மதிப்பாய்வில் அப்படித் தெரியவில்லை. கோமாளிகள், வீடியோ கேம், கார்ட்டூன், வெளிச்சமும் சத்தமும் குறைந்த அறை இவைதான் நம்பிக்கை தருபவையாகத் தெரிந்தன. அம்மா வருவது தப்பு என்று இதற்கு அர்த்தமில்லை. நடுங்கிக்கொண்டிருக்கும் அம்மாவின் கையைக் குழந்தை படித்துவிடும், அவ்வளவுதான். உங்களுக்கு அழுகை வரும் என்று தெரிந்தால் அப்பாவோ அம்மாயியோ வரட்டும். வருகிறவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்: மருந்து ஏறும்போது கண் மேலே சொருகும், கைகால் வெட்டி இழுக்கும், குறட்டை வரும், உடம்பு துவண்டுவிடும். எல்லாம் வழக்கமாக நடப்பதுதான். சிஸ்டர் போகலாம் என்றதும் முத்தம் கொடுத்துவிட்டு உடனே வெளியே வந்துவிட வேண்டும்.

“ஒண்ணும் இல்ல கண்ணு, பயப்படாத, பயப்படாத” என்பதை விட்டுவிடுங்கள். நம் வாயில் தானாக வருவது அது, கஷ்டம்தான். ஆனால் அம்மா அந்தக் குரலில் பேசினால் ஏதோ இருக்கிறது என்றுதான் குழந்தை எடுத்துக்கொள்ளும். கெய்ன் குழு 2007-ல் பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்த திட்டத்தில் அளவுக்கு மீறித் தேற்றாதே என்பது ஒரு விதியாகவே இருந்தது. கவனத்தைத் திருப்புவது, வீடியோவில் காட்டுவது, வீட்டிலேயே மாஸ்க்கைப் பழக்குவது இவற்றோடு அதையும் சேர்த்தார்கள். மாஸ்க் வைக்கும் நேரத்தில் அந்தக் குழந்தைகளின் பயம், மருந்து குடித்த குழந்தைகளின் அளவுக்கே குறைந்திருந்தது. பிறகு வலி மருந்தும் குறைவாகத்தான் தேவைப்பட்டது. பயப்படாதே என்பதற்குப் பதில் வேலை கொடுங்கள்: “அடுத்த வளைவு எத்தன?”

கோமாளி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகரத்தில் 2005-ல் கோமாளிகளைத் தியேட்டர் வரை கூட்டிப்போனார்கள். பிள்ளைகளின் பயம் நன்றாகவே குறைந்தது. அங்கே வேலை செய்தவர்களும் பிள்ளைகளுக்கு நல்லது என்று ஒத்துக்கொண்டார்கள். ஆனாலும் தியேட்டர் வேலைக்கு இடைஞ்சல் என்று தொடர்வதை அவர்களில் பெரும்பாலோர் விரும்பவில்லை. இதைப் படித்தபோது எனக்கு மனசு வலித்தது, ஆச்சரியமாக இல்லை. லிஸ்டில் எட்டுக் கேஸ் இருக்கும் நாளில் ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகக் கொடுப்பது எங்களுக்குச் சுலபமில்லை. பிடித்து அழுத்தினால் அந்த ஐந்து நிமிடம் மிச்சம். அதன் விலையை வீட்டில் நீங்கள்தான் கொடுக்கிறீர்கள். அதனால் கேட்கத் தயங்காதீர்கள்.

காது கேளாத பிள்ளைகளின் பெற்றோரும் இதைப் படிப்பார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் ஆபரேஷனுக்கு, அதாவது காது கேட்க உள்காதில் கருவி வைக்கும் ஆபரேஷனுக்கு, வரும் பிள்ளைகளை நினைத்துச் சொல்கிறேன். தியேட்டரில் எல்லார் வாயும் மூடியிருக்கும், அந்தப் பிள்ளைக்கு முகம் என்பதே அங்கே கிடையாது. உள்ளே போவதற்கு முன்பே எங்களை மாஸ்க் இல்லாமல் வந்து முகம் காட்டச் சொல்லுங்கள். மாட்டியிருக்கும் காது மெஷினைக் கண் மூடும் வரை கழற்றாமல் இருக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எல்லாம் செய்தும் அவள் பயந்து அழுதால்? அதற்கும் வழி இருக்கிறது. இருபது, முப்பது நிமிடம் முன்னால் கொடுக்கும் மருந்து உண்டு, குடித்தால் பிள்ளை லேசான கிறக்கத்தில் இருக்கும். சில பிள்ளைகளுக்கு மருந்தும் வேண்டும், விளையாட்டும் வேண்டும். ஊசி வழியாக மயக்கம் கொடுப்பதாக இருந்தால் தோல் மரத்துப்போகும் கிரீமை ஒரு மணி நேரம் முன்னால் புறங்கையில் தடவச் சொல்லிக் கேட்கலாம்.

முழித்த பிறகு கொஞ்ச நேரம் உங்களைக்கூட அடையாளம் தெரியாத மாதிரி அலறலாம், உதைக்கலாம். இந்த வயதில் அது சகஜம், பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் தானாக அடங்கிவிடும். திட்டவோ உலுக்கவோ வேண்டாம். தெரிந்த குரலில் மெதுவாகப் பேசிக்கொண்டே இருந்தால் போதும். ஹெர்னியாவுக்கு முதுகின் அடியில் வலி தெரியாமல் இருக்க ஒரு ஊசி போடுவது உண்டு. போட்டால் சில மணி நேரம் கால் மரத்துக் கனமாக இருக்கும். “என் கால் எங்க?” என்று அதற்காகவே அழும் பிள்ளைகள் உண்டு. அந்த ஊசி போடுவார்களா என்று டாக்டரிடம் முன்னாலேயே கேட்டுவிட்டு, போடுவதாக இருந்தால் “உனக்கு முழிப்பு வந்தாலும் கால் இன்னும் கொஞ்சம் தூங்கிட்டு இருக்கும்” என்று பொம்மை விளையாட்டிலேயே சொல்லி வையுங்கள்.

முழிக்கும்போது ரெகவரி அறையில் யார் இருக்கலாம் என்பதையும் முதல்நாளே கேட்டுக்கொள்ளுங்கள். விட மாட்டார்கள் என்றால், நீங்கள் இருப்பதாக அவளிடம் சொல்லிவிடாதீர்கள். சிஸ்டர் இருப்பார், பிறகு அம்மா வருவேன் என்று சொல்லுங்கள். பொம்மையைத் துவைத்துக் காயவைத்து, அதன் கையில் பிளாஸ்திரி ஒட்டி உங்கள் மகளின் பெயரை எழுதி, தியேட்டருக்குள் அவளோடு அனுப்பிவிடுங்கள். கொலுசை மட்டும் அதன் காலிலிருந்து கழற்றி உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போனதும் முதலில் அதைத்தான் கேட்பாள்.